கண்மாயும் வயலும் பள்ளிக்கூடமும்: ஓர் ஊர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வழி

நீர்நிலை மீட்பு, இயற்கை வேளாண்மை, இயற்கைக் கல்வி ஆகிய மூன்றையும் நாம் இன்று மூன்று தனித் துறைகளாகவே பேசுகிறோம். ஏரியைத் தூர்வாருவோர் ஒரு பக்கமும், மரபு நெல்லைத் தேடிச் சேகரிப்போர் மறுபக்கமும், பள்ளிப் பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துச் செல்வோர் இன்னொரு பக்கமுமாகத் தம் வேலைகளைச் செய்துவருகின்றனர். அடித்தளத்திலிருந்து சமூகத்தைப் புதுப்பித்தல் என்னும் கருத்து, இம்மூன்றையும் ஒரே வேலையின் பகுதிகளாகப் பார்க்கச் சொல்கிறது. ஓர் ஊரின் மக்கள் தமக்குப் பொதுவான நீரையும் மண்ணையும் தாமே கூடிப் பேணத் தொடங்கினால், அந்த வேலையின் ஊடாகவே அவர்களிடையே உறவும் விதிமுறையும் பொறுப்புணர்வும் மீண்டும் உருவாகின்றன என்பது இக்கருத்தின் சாரம். இதைச் செட்டிநாட்டின் நிலத்தில் வைத்து விளக்குவதே எளிது. ஏனெனில் கூடிப் பேணினால் மட்டுமே வாழமுடியும் என்ற நிலை அங்கே இயற்கையிலேயே அமைந்திருக்கிறது.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் செட்டிநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. தேனாறு, மணிமுத்தாறு, பாம்பாறு, சருகணி ஆறு ஆகிய அனைத்தும் மழை பெய்தால் ஓடி, மழை நின்ற சில நாட்களில் மணலாகிவிடுபவை. ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது குறைவான அளவன்று. ஆனால் அதில் ஏறக்குறையப் பாதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான சில வாரங்களில், அதிலும் ஒருசில பெருமழைகளில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. எனவே மழை எவ்வளவு பெய்தது என்பதைவிட, பெய்த மழையை எவ்வளவு நிறுத்தி வைத்தோம் என்பதே இந்நிலத்தில் வாழ்வைத் தீர்மானிக்கிறது.

செட்டிநாட்டின் வணிகச் சமூகமான நகரத்தாரின் வீடுகளைப் பார்க்க வருவோர் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடித் தளக்கற்களையும் வியந்து பார்த்துவிட்டுக் கூரையைப் பார்க்காமல் போய்விடுகின்றனர். நான்கு பக்க ஓட்டுச் சரிவும் முற்றத்தை நோக்கி இறங்குவதும், முற்றத்து மூலைகளில் அண்டாக்கள் வைத்து மழைநீர் பிடிப்பதும், மிகுந்த நீர் வடிகால் வழியாகத் தெருவுக்குச் சென்று அங்கிருந்து ஊருணியை அடைவதும் ஒரே அமைப்பின் உறுப்புகள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் பெருமை விளங்கும். 1,000 சதுர அடிக் கூரையின் மீது ஓர் ஆண்டில் 900 மில்லிமீட்டர் மழை பெய்தால் 83,000 லிட்டருக்கு மேல் நீர் விழும்; கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ உள்ள ஒரு பெரிய வீட்டுக் கூரை அதைப்போலப் பத்து மடங்கு இருக்கும். 2014ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. மாளிகைகளோடு சேர்த்து இந்த நீர் அமைப்பையும் பாரம்பரியமாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஊருணி குடிப்பதற்கு, கண்மாய் பயிருக்கு. ஒரு கண்மாயின் உறுப்புகளைத் தெரிந்துகொண்டால் இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி எளிதாகப் புரியும். மேட்டு நிலத்தில் பெய்யும் மழையைத் திரட்டிக் கொண்டுவருவது வரத்துக்கால். நீரைத் தாங்கி நிற்பது, பிறை வடிவில் வளைந்து செல்லும் மண்கரை. கண்மாய் நிரம்பியபின் மிகுதி நீர் கரையை உடைக்காமல் வெளியேறக் கல்லால் கட்டிய வழி கலுங்கு. கரையின் அடியில், வயலுக்கு நீர் விடுவதற்கான திறப்பு மடை. மடையின் வழியே பாசனம் பெறும் நிலம் ஆயக்கட்டு. ஒரு கண்மாயின் கலுங்கில் வழிந்த நீர் வீணாவதில்லை. அது அடுத்த ஊர்க் கண்மாயின் வரத்துக்காலில் சேர்கிறது. இப்படி மேற்கிலிருந்து கிழக்கே கடல் வரை சங்கிலித் தொடராகக் கண்மாய்கள் அமைந்திருப்பதால், மேலேயுள்ள ஊரில் வரத்துக்காலை ஒருவர் அடைத்தால் கீழேயுள்ள ஊரில் பயிர் கருகும். அதனாலேயே ஒரு கண்மாயைப் பற்றிய முடிவு எதுவும் ஓர் ஊருக்குள் மட்டும் முடிந்துவிடுவதில்லை.

இந்த அமைப்பு தானாக இயங்கவில்லை. ஆயக்கட்டில் நிலம் உள்ளோர் தத்தம் நிலத்தின் அளவுக்கேற்பக் கோடையில் ஆள் அனுப்பிக் கரையை உயர்த்தினர், வரத்துக்காலை வெட்டினர், மடையைச் செப்பனிட்டனர். இதுவே குடிமராமத்து. எந்த மடையை எந்த நாளில் திறப்பது, கண்மாயில் பாதி நீரே இருக்கும் ஆண்டில் எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பதைக் கூடிப் பேசி முடிவு செய்தனர். அந்த முறைப்படி வரப்பு வரப்பாக நடந்து நீரைத் திருப்பிவிட நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருந்தார். அவருக்குரிய கூலி அறுவடைக் களத்தில் நெல்லாக அளக்கப்பட்டது. கோடையில் நீர் வற்றி முழங்கால் அளவுக்கு வரும்போது நடைபெறும் மீன்பிடித் திருவிழாவும் இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதியே. விடியற்காலையில் ஊர்ப் பெரியவர்கள் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசிய பிறகே, ஊத்தாவும் கச்சாவும் வலையும் ஏந்திக் காத்திருக்கும் ஆயிரக்கணக்கானோர் நீரில் இறங்குவர். அதற்கு முன்பு ஒருவரும் ஒரு கெண்டையைக்கூடப் பிடிப்பதில்லை. பொதுச் சொத்தைக் காக்கும் விதி எவ்வாறு நடைமுறையில் உயிரோடிருக்கிறது என்பதை அறிய விரும்பும் எவரும், சிவகங்கை மாவட்டத்தின் சிங்கம்புணரி, திருப்பத்தூர் வட்டாரங்களில் நடக்கும் ஒரு மீன்பிடித் திருவிழாவை ஒருமுறையேனும் நேரில் பார்க்க வேண்டும்.

அப்படியானால் கண்மாய்கள் ஏன் சீரழிந்தன? மண் சேர்ந்தது, முள் மண்டியது என்பவை வெளித்தெரியும் அடையாளங்கள். காரணம் அதற்கும் பின்னால் இருக்கிறது. ஆங்கிலேய ஆட்சி 1858இல் சென்னை மாகாணத்துக்கெனக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, ஊர் தானாகச் செய்துவந்த பராமரிப்பை ஆணையிட்டு வாங்கும் வேலையாக மாற்ற முயன்றது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் சமீன்கள் ஒழிந்தபின், சிவகங்கைச் சீமையின் கண்மாய்களும் அரசுத் துறைகளின் பொறுப்புக்கு வந்தன. நிலவுடைமையைப் பொறுத்தவரை அது நியாயமான மாற்றமே. ஆயினும், கண்மாய் அரசினுடையது, அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியதும் அரசே என்ற எண்ணம் அப்போது வேரூன்றியது. பின்னர் வந்த ஆழ்துளைக் கிணறு, வசதி உள்ளவருக்குத் தனி நீரைக் கொடுத்தது. தனி நீர் உள்ளவர் பொது நீரைப் பற்றிய கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார். செட்டிநாட்டில் இதற்கு மேலும் ஒரு காரணம் சேர்ந்தது: நிலத்துக்கும் வீட்டுக்கும் உரியோர் பலர் சென்னையிலோ வெளிநாட்டிலோ வாழ்கின்றனர், உழுபவரோ குத்தகைக்கோ, விளைச்சலில் பங்கு தரும் வாரமுறையிலோ உழுகிறார். பூட்டிய வீடுகளுக்கு நடுவே வறண்டு கிடக்கும் ஊருணி அந்த இடைவெளியின் விளைவு.

அந்த இழப்பின் அளவைப் பார்ப்போம். 50 ஹெக்டேர் நீர்ப்பரப்புள்ள ஒரு கண்மாயில் சராசரியாக ஓர் அடி உயரத்துக்கு வண்டல் படிந்திருந்தால், அது 1,50,000 கன மீட்டர் நீரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு ஹெக்டேர் நெல்லுக்கு ஏறத்தாழ 12,000 கன மீட்டர் நீர் தேவை எனக் கொண்டால், 12 ஹெக்டேருக்கு மேல் விளைவிக்கப் போதுமான நீர் அது. நம் விவசாயிகள் பலரிடம் ஓரிரண்டு ஏக்கரே இருப்பதால், அந்த ஓர் அடி மண் குறைந்தது 15 குடும்பங்களின் ஒரு போக விளைச்சலை மூடி வைத்திருக்கிறது.

இங்கே தொடக்கநிலை ஆர்வலர்கள் பெரும்பாலும் தவறும் ஓர் இடத்தைக் குறிப்பிட வேண்டும். கண்மாயைப் புதுப்பிப்பது என்றவுடன் ஜேசிபி இயந்திரத்தை நடுக் கண்மாயில் இறக்கிவிடுகின்றனர். முதலில் பார்க்க வேண்டியது வரத்துக்கால். அது ஆக்கிரமிக்கப்பட்டோ, சாலையின் அடியில் குழாய் வைக்கப்படாமல் மறிக்கப்பட்டோ, தைலமரத் தோட்டங்களுக்காக வெட்டிய வரப்புகளால் திசைமாறியோ இருந்தால், எவ்வளவு ஆழமாகத் தோண்டிய கண்மாயும் நிரம்பாது. இரண்டாவது, ஆழத்தின் எல்லை. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அங்கே தேங்கும் நீர் வயலுக்குப் பாயாது. கால்நடைக்கும் மீனுக்கும் கொஞ்சம் நீர் தங்கட்டும் என்று ஓரிடத்தில் பள்ளம் விடுவது நல்லது. கண்மாய் முழுவதையும் பள்ளமாக்குவதோ, அடியிலுள்ள களிமண் படுகையைக் கிழித்து நீர் ஒழுகச் செய்வதோ பயனற்றது. மூன்றாவது, சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்த மரத்தை வெட்டிவிட்டால் மட்டும் போதாது. தூரோடு பறிக்காவிட்டால் அடுத்த மழையில் முன்னிலும் அடர்ந்து துளிர்க்கும். அதேவேளையில் அதைக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்கள் இப்பகுதியில் பல உண்டு என்பதால், அவர்களைக் கூட்டத்தில் அமர்த்திப் பேசி, வெட்டும் வேலையையும் விறகின் வருமானத்தையும் அவர்களுக்கே கொடுப்பதுதான் முறை.

அள்ளிய வண்டல் எங்கே போகிறது என்பதில்தான் நீரும் வேளாண்மையும் இணைகின்றன. மேட்டுநிலத்தின் மேல்மண்ணும் மட்கிய இலையும் மழையில் அடித்துவரப்பட்டுப் படிந்ததே வண்டல். அதைச் செங்கல் சூளைக்கோ மனை நிரப்பவோ அனுப்பினால் கண்மாய் மட்டும் ஆழமாகும். வயலில் கொட்டினால், நீரைப் பிடித்து வைக்கத் தெரியாத செம்மண் நிலத்துக்குக் களிமண்ணின் ஈரம் தாங்கும் திறன் கிடைக்கிறது. செட்டிநாட்டிலும் இராமநாதபுரத்திலும் ஆவணி, புரட்டாசியில் காய்ந்த புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பர். முதல் மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையே விழும் இடைவெளியில் பயிர் பிழைப்பதும் காய்வதும் மண் எத்தனை நாள் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது என்பதைப் பொறுத்தது. ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பி, தை மாதத்தில் கதிர் பால் பிடிக்கும்போது மடை நீர் உதவிக்கு வரும். வண்டல் இட்ட வயல், அந்த நீரையும் குறைவாகவே கேட்கும்.

உரத்துக்கும் ஊருக்குள்ளேயே வழி இருக்கிறது. கோடையில் கீதாரிகள் ஆட்டு மந்தையோடு வந்து வயலில் இரவுக் கிடை போடுவர். புழுக்கையும் சிறுநீரும் நேரே மண்ணில் இறங்கும். தரிசில் தானே முளைக்கும் கொழுஞ்சியைப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் தழைச்சத்து கிடைக்கும். கோ. நம்மாழ்வார் (1938–2013), கோவில்பட்டியில் அரசு வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையில் பார்த்த வேலையை விட்டு வெளியேறி, பிற்காலத்தில் செட்டிநாட்டுக்கு அண்மையிலுள்ள புதுக்கோட்டை மாவட்டத்து ஓடுகம்பட்டியில் உருவாக்கிய பண்ணைக்குக் கொழுஞ்சி என்றே பெயர். கல்லும் கட்டாந்தரையுமான நிலத்தைத் தழையாலும் மழைநீர்த் தடுப்பாலும் விளைநிலமாக்கலாம் என்பதை அவர் ஊர் ஊராகச் சென்று சொன்னார். சொன்ன இடமெல்லாம் விவசாயிகள் தம் அனுபவத்தைச் சொல்லக் கேட்டும் கற்றார். செட்டிநாட்டு விருந்துகளில் தவறாமல் இடம்பெறும் கவுனி அரிசியை ஊர் நிலத்திலேயே விளைவித்து ஊர் விருந்துக்கே விற்பது, இங்கே தொடங்குவோருக்கு ஏற்ற ஒரு முயற்சி.

ஆனால் மண்ணை வளப்படுத்துவது ஓர் ஆண்டில் முடியும் வேலையன்று. வண்டல் அடித்து, கிடை கட்டி, தழை மடக்கி உழைத்தவரிடமிருந்து அடுத்த ஆண்டே நிலம் திரும்ப வாங்கப்படலாம் என்றால் அவர் ஏன் உழைப்பார்? வெளியூரிலுள்ள நில உரிமையாளர், ஐந்தாண்டுக்கேனும் எழுத்துமூலம் குத்தகை உறுதி கொடுப்பது, கோயில் திருப்பணிக்கு நன்கொடை அனுப்புவதற்கு நிகரான ஊர்த்தொண்டு என்று நான் கருதுகிறேன். பிறந்த ஊரின் மீது அக்கறை உள்ள நகரத்தார் குடும்பங்கள் செட்டிநாட்டில் மிகுதி. அந்த அக்கறை கோபுரத்தையும் பள்ளியையும் கட்டியிருக்கிறது. வரத்துக்காலையும் குத்தகை உழவரையும் அது எட்டினால் ஊரின் நிலை வெகுவாக மாறும்.

இனி இயற்கைக் கல்வி. பாடநூலில் நீர்ச் சுழற்சியைப் படமாகப் பார்த்த பிள்ளை, தன் ஊர்க் கண்மாயின் கலுங்கு எங்கே இருக்கிறது என்று அறியாமலே வளரக்கூடும். இயற்கைக் கல்வி என்பது அப்பிள்ளையைக் கரைமேல் நடக்கவைத்து, பார்த்ததை அளக்கவும் குறித்துவைக்கவும் பழக்குவது. அதற்குச் செலவு தேவையில்லை. பக்கங்கள் நேராக இருக்கும் ஒரு தகர டப்பாவை மரநிழல் படாத திறந்த வெளியில் வைத்து, மழை நின்றபின் தேங்கிய நீரின் உயரத்தை அளவுகோலால் மில்லிமீட்டரில் அளந்தால் அதுவே மழைமானி. கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு வயல்மண்ணும் மீதி நீருமாக நிரப்பி நன்றாகக் குலுக்கி வைத்தால், மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படியும். மணலைவிட நுண்ணிய வண்டல் துகள் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும். களிமண் மறுநாள் வரையிலும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். மேட்டு வயல் மண்ணையும், வண்டல் அடித்த வயலின் மண்ணையும், கண்மாயின் உள்வாய் மண்ணையும் மூன்று புட்டிகளில் அருகருகே வைத்துப் பார்க்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு, அந்த மூன்று படிவுக் கோடுகளே மண்ணியலின் முதல் பாடம். தேற்றான் கொட்டையை மண்பானையின் உட்புறம் உரைத்துக் கலங்கல் நீரை ஊற்றித் தெளிவதைப் பார்க்கச் செய்தால், ஊருணி நீரைப் பாட்டிமார் எப்படிக் குடிநீராக்கினர் என்பதும் சேர்ந்தே விளங்கும்.

கோயில்காடும் ஒரு வகுப்பறைதான். அய்யனாருக்கு விட்ட காட்டில் இன்றும் நிற்கும் வீரை, காயா, உலக்கைப்பாலை, குருந்து போன்றவை, நாம் நிலத்தைத் திருத்துவதற்கு முன்பு இம்மண்ணில் என்ன வளர்ந்தது என்பதற்குச் சாட்சி. எங்கே எந்த மரம் நடலாம் என்ற கேள்விக்கு விடை நாற்றங்கால் பட்டியலைவிட அங்கே தெளிவாகக் கிடைக்கும்.

கல்வி ஊரின் பழக்கமாகவே மாறியதற்குத் திருப்பத்தூருக்கு அருகில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்கள் சேர்ந்த வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977இல் அறிவிக்கப்பட்டது. நத்தை குத்தி நாரை, சாம்பல் நாரை, வக்கா, அரிவாள் மூக்கன் முதலியவை மழைக்குப்பின் அங்கே கூடு கட்டுகின்றன. அவை மிரண்டு கூட்டைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக, கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த நீர் பாயும் வயலுக்கு உரம் குறைவாகவே போதும் என்பது அவர்கள் அனுபவம். வெடி கேட்டு அடம்பிடிக்கும் வயதில் ஒரு பிள்ளை, மரத்தின் மேலுள்ள குஞ்சுகளைக் காட்டிப் பேசும் தாயின் சொல்லை ஏற்றுக்கொள்கிறது என்றால், சரணாலய அறிவிப்புப் பலகையால் செய்யமுடியாத வேலையை அந்தத் தாய் செய்திருக்கிறார். 2015 முதல் தமிழகம் முழுவதும் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் ஒரு கிராமப் பள்ளி தன் கண்மாயைக் கணக்கெடுத்துப் பதிவு செய்யலாம். ஆண்டுதோறும் செய்தால் கண்மாயின் நலத்தைக் காட்டும் பதிவேடாக அது அமையும்.

பழைய ஏற்பாட்டைப் போற்றும்போது ஒன்றை மறைக்கலாகாது. கண்மாயில் மண் சுமந்தோரில் பலருக்கு ஆயக்கட்டில் ஒரு குழி நிலமும் இருந்ததில்லை. குடிநீர் ஊருணியில் இறங்கும் உரிமை சாதியின் பேரால் மறுக்கப்பட்ட ஊர்கள் உண்டு. மடை திறக்கும் நாளை முடிவு செய்த கூட்டத்தில் பெண்கள் அமர்ந்ததில்லை. நாற்று நட்டதும் களை எடுத்ததும் குடம் சுமந்ததும் அவர்களே. எனவே பழையதை அப்படியே திரும்பக் கொண்டுவருவது புதுப்பித்தல் ஆகாது. நிலம் இல்லாதோருக்குக் கண்மாய் மீனிலும் கரை மரங்களிலும் பங்கு, ஊருணியின் எல்லாப் படிகளிலும் எல்லோருக்கும் உரிமை, நீர்க்குழுவில் பெண்களுக்குச் சம இடம் ஆகியவை முதல் கூட்டத்திலேயே எழுத்தில் இடம்பெற வேண்டும். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கும் முயற்சி, மண்ணை மட்டும் அள்ளிவிட்டு மனிதரை இருந்த இடத்திலேயே விட்டுவிடும்.

வெளியிலிருந்து வரும் திட்டத்துக்கும் அடித்தளத்திலிருந்து எழும் முயற்சிக்கும் உள்ள வேறுபாட்டைக் காரைக்குடிக்கு அருகிலுள்ள குன்றக்குடியில் காணலாம். அவ்வூர் மடத்தின் தலைவராயிருந்த குன்றக்குடி அடிகளார் (1925–1995) 1970களின் பிற்பகுதியில் ஊர் மக்களைக் கொண்டே கிராமத் திட்டக் குழு அமைத்து, ஊரில் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன தெரியும், யாருக்கு வேலை இல்லை என்பதிலிருந்து தொடங்கினார். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வக அறிவியலாளர்களின் உதவி அதற்குப் பிறகு சேர்ந்தது. குன்றக்குடித் திட்டம் என்ற பெயரில் நாடளவில் பேசப்பட்ட அம்முயற்சியில் நாம் கற்க வேண்டியது அந்த வரிசைமுறை: முதலில் ஊர் கூடுவது, பிறகு ஊரின் கணக்கெடுப்பு, அதன்பின்னரே வெளியாரின் அறிவும் பணமும்.

இன்று அப்படிக் கூடுவதற்குச் சட்டப்படியான இடம் கிராம சபை. சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களுடன், உலக நீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகியவற்றிலும் தமிழகத்தில் அது கூடுகிறது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டுள்ள கண்மாய் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைவான ஆயக்கட்டுள்ளது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். தம் கண்மாய் எதில் சேரும் என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். கிராம வரைபடத்தை வைத்துக்கொண்டு வரத்துக்காலின் தலைப்பு முதல் கலுங்கு வரை பெரியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து நடந்து, அடைபட்ட இடங்களைக் குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்போடு சபைக்குப் போனால் தீர்மானம் தெளிவாக இருக்கும். வயலுக்கு வண்டல் எடுக்க வட்டாட்சியரின் அனுமதி பெற வேண்டும். மார்ச் 22 கூட்டத்தில் தீர்மானம் போட்டு, அனுமதி வர இரண்டு மாதம் பிடித்தாலும், வைகாசி, ஆனியில் கண்மாய் வறண்டிருக்கும்போதே மண்ணை வெட்டி, ஆவணிப் புழுதி விதைப்புக்கு முன்பாக வயலில் பரப்பி உழுதுவிடலாம்.